தோற்ற ஆட்டத்தைத் தூக்கிப் போடாதீங்க!

"இனிமே உங்களோட செஸ் ஆடவே மாட்டேன்ப்பா!"

மகள் எழுந்து போய்விட்டாள். தப்பு அவள் மேல் இல்லை. தோற்ற எரிச்சலில் நான்தான் காய்களைக் கையால் தள்ளிக் கலைத்தேன். யானை ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. எனக்கு அப்போது வயது 46. அவளுக்கு 13.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பஸ், டீக்கடை, ஆபீஸ் என்று எங்கே போனாலும் செஸ் பேச்சுதான். பள்ளிக்கூட நாட்களோடு விட்டுப்போன ஆட்டத்தை நானும் தூசி தட்டி எடுத்தேன். ஆனால் ஆடியது பலகையில் இல்லை, செல்போனில்! மூன்று நிமிஷ ஆட்டம். ஒன்று தோற்றால் "இன்னும் ஒண்ணே ஒண்ணு". அதுவும் தோற்றால் இன்னொன்று. மணி ஒன்றாகிவிடும். காலையில் கண் எரிச்சல், ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுவது. ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர், "மாத்திரை அப்புறம். முதல்ல ராத்திரி தூங்குங்க சார்" என்றார்.

இத்தனை ஆடியும் ஆட்டத்தில் துளி முன்னேற்றம் உண்டா? இல்லவே இல்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் பல விஷயங்கள் பிடிபட்டன. உங்களில் யாராவது நாற்பதுக்கு மேல் இந்த ஆட்டத்தைத் தொட்டிருந்தால், உங்களுக்கும் உதவும்.

மூளை பெரிசா, பழக்கம் பெரிசா?

செஸ்ஸுக்கு அபார ஞாபக சக்தி வேண்டும் என்று நினைக்கிறோம். 1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு அறிஞர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நிஜ ஆட்டம் ஒன்றின் நடுவில் காய்கள் நிற்கும் நிலையை ஐந்து நொடி மட்டும் காட்டினார்கள். பிறகு அதை அப்படியே இன்னொரு பலகையில் அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். கற்றுக்குட்டி வைத்தது நாலு! அடுத்து, காய்களைக் கன்னாபின்னாவென்று அடுக்கிக் காட்டினார்கள். இப்போது இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நம் வீட்டுப் பெண்கள் புள்ளிக் கோலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாசலில் போட்டுவிடுகிறார்களே, அந்த மாதிரிதான். கோடுகள் அவர்கள் கைக்குப் பழகிய கோடுகள். தாறுமாறாக ஒரு கிறுக்கலைக் காட்டினால் அவர்களும் திணறுவார்கள். பழக்கம் மெல்ல மெல்லத்தான் சேரும். ஆனால் எந்த வயதிலும் சேரும்.

அப்படியானால் ராத்திரி பூராவும் ஆடிய எனக்கு ஏன் சேரவில்லை? காரணம் ரொம்ப சிம்பிள். மூன்று நிமிஷ ஆட்டத்தில் யோசிக்க நேரம் ஏது? செய்த தப்பையே திரும்பத் திரும்பச் செய்து, அதைத்தான் நன்றாகப் பழகிக்கொண்டிருந்தேன்!

என்ன செய்யலாம்?

* வாரத்துக்கு ஒன்றிரண்டு நிதான ஆட்டம் போதும். ஆளுக்கு அரை மணி நேரமாவது இருக்கட்டும். நகர்த்தல்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே ஆடுங்கள்.

* தோற்ற ஆட்டத்தை மறுநாள் மறுபடி அடுக்கிப் பாருங்கள். முதலில் நீங்களாகவே தப்பைத் தேடுங்கள். கம்ப்யூட்டரைக் கேட்பது கடைசியில்தான். எடுத்த உடனே அதைக் கேட்டால் விடை தெரியும், பாடம் மனசில் நிற்காது.

* காயைத் தொடும் முன் மூன்று கேள்வி. எதிராளி எனக்கு செக் வைக்க முடியுமா? என் காய் எதையாவது வெட்ட முடியுமா? அவர் இப்போது நகர்த்தியது எதற்காக? என்னைப் போன்றவர்கள் தோற்பது பெரும்பாலும் இதைக் கேட்காமல்தான்.

* தினமும் 15 நிமிஷம் புதிர் போடுங்கள். பத்துப் புதிரை ஊகத்தில் தட்டுவதைவிட, மூன்றைக் கடைசி நகர்த்தல் வரை மனசுக்குள்ளேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

* ஆரம்ப நகர்த்தல்களை நெட்டுரு போடாதீர்கள். ராஜாவும் யானையும் மட்டும் இருக்கும்போது எதிரி ராஜாவை மடக்குவது எப்படி, ஒற்றைச் சிப்பாயை ராணியாக்குவது எப்படி என்று கடைசிக் கட்டத்தைப் படியுங்கள்.

* இரண்டு தொடர்ந்து தோற்றால் அன்றைக்குக் கடையை மூடுங்கள். படுக்கைக்குச் செல்போன் வரவே கூடாது. ஆடும்போது அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். கழுத்தும் இடுப்பும் உங்களை வாழ்த்தும்.

புள்ளி ஏறலையே!

பலரும் மனசு உடைவது இங்கேதான். ஆட்டக்காரரின் பலத்தைப் புள்ளியாகக் கணக்கிடும் முறையை வகுத்தவர், ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பத் ஈலோ. உலக செஸ் சம்மேளனம் அதை 1970-ல் ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்குப்படி, உங்களைவிட 200 புள்ளி அதிகம் உள்ளவரோடு நாலு ஆட்டம் ஆடினால் உங்களுக்கு சராசரியாக ஒரு வெற்றிதான். ஆகவே ஒரு வாரத்தில் நாலு தோற்றால் அது வீழ்ச்சியும் இல்லை, நாலு ஜெயித்தால் வளர்ச்சியும் இல்லை. எடை குறைக்கிறவர் தினமும் மூன்று வேளை எடை பார்ப்பாரா? ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பாருங்கள். போதும்.

"செஸ் ஆடினா வயசான காலத்துல மறதி நோய் வராதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. 2003-ல் வெளியான ஓர் ஆய்வு, நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைப் பல வருஷம் கவனித்தது. படிப்பது, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பது, நடனம் என்று ஈடுபட்டவர்களுக்கு அந்த நோய் குறைவாக வந்திருந்தது. ஆனால் விளையாட்டுதான் காத்ததா, மூளை நன்றாக இருந்ததால் விளையாடினார்களா என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே செஸ்ஸை மருந்தாக நினைக்காதீர்கள். பிடித்திருந்தால் ஆடுங்கள்.

சரி, என் கதை என்ன ஆச்சு?

கட்டிலுக்கு அடியிலிருந்து யானையைத் தேடி எடுத்து, துடைத்து, மகளிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் பிடி கொடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பலகையோடு வந்தாள். தோற்றேன். காய்களைக் கலைக்காமல், "நான் எங்க கோட்டை விட்டேன், சொல்லும்மா" என்று கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "உங்களத் தோக்கடிச்சது என் குதிரை இல்லப்பா. உங்க அவசரம்!"

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவளோடு நாலு ஆடினால் இப்போது ஒன்று ஜெயிக்கிறேன். ராத்திரி பத்தரைக்குத் தூங்கிவிடுகிறேன். ஆட்டம் முடிந்த பிறகும் இரண்டு பேரும் எழுந்திருப்பதில்லை. அதே ஆட்டத்தை மறுபடி அடுக்கி, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

"காபி ஆறிப்போகுது, ரெண்டு பேரும் எந்திரிங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும் வரைக்கும்!