வீடு பார்க்க வந்தவர் சொன்னவை

பெற்றோர் வாழ்ந்த வீட்டை விற்பதென நாம் முடிவுசெய்தபோது, கனடாவிலிருந்த தம்பி அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினான். விலையையும் அங்கிருந்தே குறித்துவிட்டான். வருவோருக்கு வீட்டைக் காட்டும் பொறுப்பு மட்டும் எம்முடையதாயிற்று. விடைத்தாள்களைத் திருத்தியே பழகிய எமக்கு, பிறர் எம் வீட்டைத் திருத்தக் கேட்டுக்கொண்டு நிற்பது எளிதாக இருக்கவில்லை.

முதலில் வந்தவர் வாயாரப் புகழ்ந்தார். விறாந்தைத் தூண்களைத் தடவிப் பார்த்தார், தேநீர் அருந்தினார், "வீட்டில் பேசிவிட்டு வருகிறோம்" என்று சென்றவர் திரும்பவேயில்லை. இரண்டாமவர் வாசல் தெற்கு நோக்கியதென்றார். மூன்றாமவர் அடுக்களை இருட்டென்றார். அம்மா நாற்பது ஆண்டுகள் சமைத்த அடுக்களை அது. நாம் பொறுக்கமாட்டாமல் வாதாடினோம். அவர் அதன்பின் வாய் திறவாது போய்விட்டார். வேறென்ன குறை கண்டாரென்று அறியும் வாய்ப்பை நாமே கெடுத்துக்கொண்டோம்.

பின்னர்தான் ஒரு கொப்பியில், வந்தவர்கள் சொன்னவற்றை எழுதத் தொடங்கினோம். வாசலைப் பற்றிச் சொன்னவர் ஒருவரே. வாங்க மனமில்லாதவர் மரியாதையாக விலகுவதற்கு நம்மவரிடையே அது நல்லதொரு சாட்டு. அடுக்களையின் இருட்டையோ நால்வர் சொல்லிவிட்டனர். வெள்ளையடித்து, கூரையில் இரண்டு கண்ணாடி ஓடுகள் பதித்ததும் அப்பேச்சு நின்றது. விலை கூடவென்று எவரும் சொல்லவில்லை. குறைத்துத் தரும்படி கேட்கவுமில்லை. பேரம் பேசாத அந்த மௌனமும் விலையைப் பற்றிய அபிப்பிராயமே என்பதைத் தம்பிக்கு விளங்கவைக்க மூன்று முறை தொலைபேசியிற் பேசவேண்டியிருந்தது.

கொப்பியில் இன்னொன்றும் இருந்தது. "கிணறு எப்படி?" என்று ஐவர் கேட்டிருந்தனர். யாழ்ப்பாணத்தில் இது இயல்பான கேள்விதான். சுண்ணாம்புக் கற்பாறையினுள் உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரே எமது கிணறுகளில் ஊறுகின்றது. மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஆகவே நாம் ஒவ்வொருவருக்கும் ஒரு செம்பு தண்ணீர் அள்ளிக் கொடுத்தோம். குடித்துவிட்டுப் போனார்கள்.

ஈற்றில் தரகர்தாம் உண்மையைச் சொன்னார்: "மாஸ்ரர், அவையள் கேட்டது தண்ணியை இல்லை, உறுதியை."

எமது நான்கு பரப்புக் காணி பிரிபட்டது. ஆனால் கிணறு அயல்வீட்டாருடன் பொது. அதற்குச் செல்லும் வழியும் அவ்வாறே. பிரிபடாத பங்கு விலைப்படும்போது, பிறருக்கு முன்னர் தாமே வாங்கும் உரிமையைப் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரிமைவழியினருக்கும் 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்கொள்வனவுச் சட்டம் வழங்குகின்றது. ஆகையால், பங்கு என்ற சொல்லைக் கேட்டதும் வழக்குக்கு அஞ்சி வாங்குவோர் பின்வாங்குவதில் நியாயமுண்டு. அச்சத்தை வெளியே சொல்ல நாணி, கிணற்றை எட்டிப் பார்த்து நின்றிருக்கின்றனர்!

நில அளவையாளரைக் கொண்டு கிணற்றையும் வழியையும் காட்டும் படம் வரைவித்தோம். நொத்தாரிசு பழைய உறுதிகளைப் படித்துப் பார்த்தார். அயல்வீட்டு அக்காவும் தமக்கு ஆட்சேபமில்லையென எழுதிக் கையொப்பமிட்டார். அதன்பின் வருவோர் கேட்குமுன்பே அவற்றை எடுத்து வைத்தோம்.

அடுக்களைக்காக எம்முடன் முரண்பட்டவரைத் தரகர் மீண்டும் அழைத்துவந்தார். இம்முறை அவர் மனைவியும் உடன் வந்தார். நிலத்து வெடிப்பு, படலையின் துரு என இன்னும் இரண்டு குறைகளைக் கண்டனர்; நாம் எழுதிக்கொண்டோம். அவர்கள் கேட்ட விலை தம்பி குறித்ததிலும் குறைவு. எனினும் இசைந்தோம்.

உறுதி முடித்த அன்று, அடுக்களைச் சுவரை இடித்துப் பெரிதாக்கப் போவதாக அவர் சொன்னார். நாம் வாதாடவில்லை.