இடறும் ஆங்கிலம் – 14: போடாத கமா

'டிஸ்கஸ்' என்றால் போதும், பின்னால் 'அபௌட்' வேண்டாம் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதை மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த வாரம் 'ஏ', 'ஆன்', 'த' மூன்றையும் எடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்கும்போது அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கையில் சிக்கியது. 29 பக்கம். படித்து முடித்தபின் வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

மெயின் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் ஓக்ஹர்ஸ்ட் என்றொரு பால் நிறுவனம். அதன் டிரைவர்கள் சிலர் 2014-இல் வழக்குப் போட்டார்கள். வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு கூலி என்கிறது மாநிலச் சட்டம். எங்களுக்கு ஏன் இல்லை? நிறுவனம் அதே சட்டத்தின் விலக்குப் பட்டியலைக் காட்டியது. கெட்டுப்போகும் உணவுப்பொருள்கள் சார்ந்த சில வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது. கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீஸிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங் என்று கமா போட்டு வரிசையாக வந்து, 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று பட்டியல் முடிகிறது. 'ஷிப்மென்ட்'டுக்குப் பின் கமா இல்லை.

பேக்கிங் ஒரு வேலை, டிஸ்ட்ரிப்யூஷன் இன்னொரு வேலை என்றது நிறுவனம். பாலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது டிரைவர்கள்தானே, ஆகவே ஓவர்டைம் இல்லை. டிரைவர்கள் மறுத்தார்கள்: அது ஒரே வேலை, அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்வது. நாங்கள் வண்டி ஓட்டுகிறோம், பேக் செய்வதில்லை.

செய்தித்தாள்கள் கமாவோடு நின்றுவிட்டன. எனக்கு இனித்தது டிரைவர்கள் தரப்பின் அடுத்த வாதம். பட்டியலில் உள்ள வேலைகளைப் பாருங்கள், எல்லாம் 'இங்'கில் முடிகின்றன. டிஸ்ட்ரிப்யூஷன் தனி வேலையாக இருந்தால் அதுவும் 'டிஸ்ட்ரிப்யூட்டிங்' என்றல்லவா வந்திருக்கும்? அது ஷிப்மென்ட்டோடு ஜோடி சேர்ந்து நிற்கும் பெயர்ச்சொல். நிறுவனமும் சும்மா இருக்கவில்லை: பேக்கிங்தான் கடைசி வேலை என்றால் அதற்கு முன் 'ஆர்' எங்கே?

கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தது. பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017 மார்ச்சில் அதைத் திருப்பிப் போட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டேவிட் பேரன். இருதரப்பு வாசிப்புக்கும் இடமிருக்கிறது. கூலிச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் தொழிலாளிக்குச் சாதகமாகவே பொருள்கொள்வது அந்த மாநிலத்தின் நெறி. ஆகவே டிரைவர்கள் பக்கம். 2018-இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

அந்த மாநிலத்தில் சட்டம் எழுதுபவர்களுக்கான கையேடு கடைசி 'ஆர்'-க்கு முன் கமா வேண்டாம் என்றே சொல்கிறது! தீர்ப்புக்குப் பிறகு சட்டமன்றம் அந்த வரியைத் திருத்தியது. கமாக்கள் இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. டிஸ்ட்ரிப்யூஷன் இருந்த இடத்தில் டிஸ்ட்ரிப்யூட்டிங். திருத்தியவர்களுக்கும் 'இங்' உறைத்திருக்கிறது.

வரிசையின் நடுவில் வடிவம் மாறும் பிழை நம் வேலை விண்ணப்பங்களில் தாராளமாகப் புழங்குகிறது. 'ஐ ஆம் குட் அட் டைப்பிங், ஃபைலிங் அண்ட் டு அட்டெண்ட் கால்ஸ்.' இரண்டு 'இங்' போட்ட கை மூன்றாவதில் ஏன் தளர வேண்டும்? 'அட்டெண்டிங் கால்ஸ்' என்று எழுதுங்கள். ஒரே வரிசையில் நிற்பவை ஒரே வடிவில் நிற்க வேண்டும்.

தமிழில் இந்த வழக்குக்கே இடமிருந்திருக்காது. நம் 'உம்'மும் 'ஓ'வும் ஒவ்வொரு சொல்லோடும் ஒட்டுபவை. 'அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ பேக் செய்தல்' என்றால் ஒரு வேலை. 'அனுப்புவதற்குப் பேக் செய்தலோ விநியோகித்தலோ' என்றால் இரண்டு. எது எதோடு சேரும் என்பதை உருபும் இடைச்சொல்லுமே காட்டிக்கொடுத்துவிடும். ஓலைச்சுவடிகளில் கமா இல்லாமலே நம் மொழி காலம் தள்ளியது அதனால்தான். ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்பு சொல் நிற்கும் இடத்துக்கும் கமாவுக்கும் போகிறது. நாமோ கமாவை மூச்சு வாங்கும் இடமாக எண்ணி, 'ஐ வாஸ் இல், ஐ குட் நாட் கம்' என்று இரண்டு முழு வாக்கியங்களை அதைக்கொண்டு கோத்துவிடுகிறோம். அங்கே முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது கமாவோடு ஒரு 'ஸோ' வேண்டும்.

கமா வழக்கு என்றதும் ரோஜர் கேஸ்மென்ட்டைச் சொல்லாமல் விட முடியவில்லை. காங்கோவில் ரப்பருக்காக நடந்த கொடுமைகளை வெளிக்கொண்டுவந்தவர். முதல் உலகப்போரின்போது ஜெர்மனியில் அயர்லாந்து விடுதலைக்கு ஆள் திரட்டியதற்காக 1916-இல் லண்டனில் அவர்மீது தேசத்துரோக வழக்கு நடந்தது. சட்டமோ 1351-ஆம் ஆண்டினது, நார்மன் பிரெஞ்சில் எழுதியது. 'நாட்டுக்குள்' அரசனின் எதிரிகளோடு சேர்வது குற்றம் என்ற வாசகத்தோடு, பின்னால் வரும் 'அல்லது வேறிடத்தில்' என்ற சொற்கள் சேருமா? நீதிபதிகள் ஆவணக் காப்பகத்துக்கே போய் மூல ஏட்டின் குறிகளைப் பார்த்தார்கள். சேரும் என்று முடிவானது. ஆகஸ்ட் 3 அன்று தூக்கு. கமாவால் தூக்கிலேறியவர் என்ற பேச்சு இன்றும் இருக்கிறது.

கடைசி 'அண்ட்', 'ஆர்'-க்கு முன் கமா போடலாமா என்று பலர் கேட்கிறீர்கள். போடுங்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் பல விட்டுவிடுகின்றன. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் போடுகிறது. ஒப்பந்தம், உயில், வாடகைப் பத்திரம் என்றால் கமாவை மட்டும் நம்பாமல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் தனித்தனி வரியாகப் பிரித்துவிடுங்கள்.

'ஏ', 'ஆன்', 'த' அடுத்த வாரம்.

(தொடரும்)