நீள்முடிப் பூனைக்குட்டி வாங்குமுன்

கடைக்கு அரிசி எடுக்கும்போது மூட்டையைக் குத்தி, மாதிரியை உள்ளங்கையில் கொட்டிப் பார்க்காமல் நம்மில் யாரும் சல்லி கொடுப்பதில்லை. ஆனால் பிள்ளைகளின் ஆசைக்குப் பூனைக்குட்டி வாங்கும்போது மட்டும் படத்தைப் பார்த்தே முற்பணத்தைக் கொடுத்து விடுகிறோம்.

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்படித்தான் தரகர் மூலம் பாரசீகப் பூனைக்குட்டி ஒன்றை வாங்கினார். இரண்டு கிழமையில் அதன் காதோரம் முடி கொட்டியது. அடுத்து, பிள்ளைகளின் கைகளில் வட்ட வட்டமாகப் படை. நீள்முடிப் பூனைகளில் அடிக்கடி காணப்படும் இந்தப் பூஞ்சண நோய் மனிதருக்கும் தொற்றும். வைத்தியச் செலவு குட்டியின் விலையைத் தாண்டியது. தரகர் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

இங்கே நாம் விலை கொடுப்பது முடிக்கல்ல, வம்சத்துக்கு. முடி கண்ணுக்குத் தெரியும். வம்சம் பத்திரத்தில்தான் தெரியும். 1906இல் அமெரிக்காவிலும் 1910இல் பிரித்தானியாவிலும் தொடங்கிய பூனைச் சங்கங்கள் இன்றும் பதிவேடு வைத்திருக்கின்றன. இத்தகைய சங்கமொன்றின் பதிவு இலக்கம் இருந்தால் அதை எழுதி விசாரிக்கலாம். இலக்கமில்லாத "ஒரிஜினல் பாரசீகம்" என்பது வெறும் வாய்ப்பேச்சு.

பத்திரத்தை விட முக்கியமானது பெற்றோரின் ஆரோக்கியம். பாரசீகப் பூனைகளுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பரம்பரை நோய் ஒன்றுண்டு. 2000களின் தொடக்கத்தில் பிரித்தானியா, பிரான்ஸ், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஸ்கேன் செய்து பார்த்தபோது, சோதித்தவற்றில் பத்துக்கு நான்குக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிக்கு வர அரைவாசி வாய்ப்பு. குட்டி துள்ளி விளையாடும். சிறுநீரகம் பழுதாவது பெரும்பாலும் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். இதற்குக் காரணமான மரபணுவை 2004இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவியே சோதிக்கலாம். பெற்றோர் இரண்டினதும் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வளர்ப்பாளரின் வீட்டுக்கே போய், தாய்ப்பூனையோடு குட்டியைப் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை இடைத்தரகர் விற்பது சட்டப்படி தடை. நமக்கும் அது நல்ல பாடம். பிரித்தானியச் சங்கம் 13 வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. முடியை விலக்கித் தோலைப் பாருங்கள். கண்ணும் மூக்கும் ஒழுகுகிறதா, மூச்சு இரைகிறதா என்று கவனியுங்கள். முகம் மிகவும் தட்டையாக இருந்தால் இந்தத் தொல்லைகள் அதிகம்.

பேசியதை எழுத்தில் வாங்குங்கள். தடுப்பூசி அட்டை, பற்றுச்சீட்டு, எத்தனை நாளுக்குள் மிருக வைத்தியரிடம் காட்டித் திருப்பிக் கொடுக்கலாம் என்பது, குட்டி போட வைக்க அனுமதி உண்டா என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். சில வளர்ப்பாளர்கள் செல்லப்பிராணியாக மட்டுமே விற்பார்கள். அந்தக் குட்டியை வைத்து வியாபாரம் செய்ய நினைப்பவர் பிறகு வழக்காடிப் பயனில்லை.

வாங்கிய பிறகும் செலவு முடியாது. தினமும் சீவாவிட்டால் முடி சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். அதைச் செய்ய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நல்ல வளர்ப்பாளர் உங்களிடமே கேட்பார். அவர் கேட்கிறாரே என்று கோபப்படாதீர்கள். கேள்வி கேட்காமல் சல்லியை மட்டும் எண்ணுகிறவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.