கான்கிரீட் கல்லும் அதன் அச்சும்

வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் சிமெண்டு விலையை நாலு கடையில் விசாரிக்கிறார்கள். மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்க்கிறார்கள். ஆனால் ஹாலோ பிளாக் என்று நாம் வழங்கும் கான்கிரீட் கல்லை வாங்கும்போது, ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்ப்பதோடு சரி. அந்தக் கல்லைப் பெற்றெடுத்த இரும்பு அச்சைக் காட்டும்படி கேட்டவர் எத்தனை பேர்? ஆயுள் முழுதும் சேர்த்த பணம் சுவராக எழும்பும்போது, அச்சைப் பாராமல் இருப்பது சரியல்லவென்றே நமக்குத் தோன்றுகிறது.

இக்கல் அமெரிக்காவில் பிறந்தது. ஹார்மன் பால்மர் என்பவர் பத்து வருஷ காலம் முயன்று, 1900-ஆம் ஆண்டில் இதற்கான பேடண்டு உரிமை பெற்றார். பக்கத் தகடுகளை நகர்த்தலாம், நடுவிலுள்ள கருவை வெளியே எடுக்கலாம் என்பதே அவர் யந்திரத்தின் சூட்சுமம். அவர் வார்த்த கல்லின் நீளம் 30 அங்குலம். அதைத் தூக்கி வைக்கச் சிறு பாரந்தூக்கி வேண்டியிருந்ததாம்!

இன்றைய அச்சிலும் உறுப்புகள் அதிகமில்லை. இரண்டு நெடுந்தகடு, இரண்டு குறுந்தகடு, மேலிருந்து தொங்கும் கருக்கள், கலவையை அழுத்தும் தலை. ஆயினும் பூட்டுவதில் பொறுமை வேண்டும். ஒரு மூலைப் போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தகடு கோணிக்கொள்ளும். எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முறுக்கி, பிறகு மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, இரண்டு அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். க்ஷேத்திர கணிதத்தால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் மாணவர்களை இங்கே அழைத்து வரலாம்.

கருவிலும் ஒரு நுட்பம் உண்டு. அது மேலே சற்றுப் பருத்து, அடியில் மெலிந்திருக்கும். அப்போதுதான் அச்சை மேலே தூக்கும்போது ஈரக்கல் உடையாமல் கழலும். ஆகவே வார்த்த கல்லின் அடிப்பக்கம் தடித்திருக்கும். விஷயமறிந்த கொத்தனார் கல்லைத் தலைகீழாகத் திருப்பி, தடித்த பக்கம் மேலே வரும்படி வைப்பார். சாந்து தங்க இடம் வேண்டுமல்லவா?

அச்சுக்குச் சத்துரு மணலும் ஜல்லியுமே. ஒவ்வொரு கல்லும் இரும்பைச் சிறிது தேய்த்துவிட்டே வெளிவருகிறது. கல்லின் சுவர் 30 மில்லிமீட்டரிலிருந்து 33 ஆனால், அந்தச் சுவருக்குப் பத்தில் ஒரு பங்கு கலவை வீணாகிறது. இது பட்டறைக்காரர் நஷ்டம். தலையை நிறுத்தும் தடைகள் தேய்ந்தால் உயரம் குறையும். இது நம் நஷ்டம். இந்தியத் தர விதி உயரத்தில் 3 மில்லிமீட்டர் வரையே கூடுதல் குறைவை அனுமதிக்கிறது. அற்பமென்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு வரியிலும் அவ்வளவு குறைந்தால், பதினைந்து வரியில் 45 மில்லிமீட்டர்! அதைக் கொத்தனார் சாந்தைக் கொண்டுதான் நிரவுகிறார். சாந்து தடித்தால் சுவரின் பலம் குறையும்.

பராமரிப்பு கஷ்டமானதல்ல. சிமெண்டு இறுகுமுன் அன்றன்றே சுரண்டித் துடைக்கவேண்டும். இறுகியபின் சுத்தியலால் அடித்தால் தகடு நெளியும். அதிர்வில் தளரும் போல்ட்டுகளைத் தினமும் முறுக்கவேண்டும். எண்ணெயை மெல்லியதாகப் பூசினால் போதும். சிலர் வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைத் தாராளமாகத் தடவுகிறார்கள். கல்லில் கறை படிவதோடு, பின்னர் பூச்சும் சரியாக ஒட்டாது.

வாங்கப் போகிறவர்கள், பத்துக் கற்களைச் சமதரையில் வரிசையாக வைத்து, மேலே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம். பிறகு அச்சைக் காட்டச் சொல்லுங்கள். கருவின் மூலைகளில் காய்ந்த சிமெண்டுப் பக்கு அப்பியிருந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேறு பட்டறை பார்ப்பதே உத்தமம்.