பாஞ்சாலி வாயில் வைத்த இரு சொற்கள்

பாரதக் கதை தமிழர்க்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பெருந்தேவனார் அதனை வெண்பாவாற் பாடினார். பின்னர் வில்லிபுத்தூரார் விருத்தத்தில் பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதனை விரித்துப் பெருநூலாக்கினார். 1912-இல் பாரதியார், சூதுப்போர் ஒன்றையே பொருளாகக் கொண்டு பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை வெளியிட்டார். இவர்களுள் எவரும் வியாசரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவரல்லர். கூட்ட வேண்டிய இடத்திற் கூட்டியும், குறைக்க வேண்டிய இடத்திற் குறைத்தும் தத்தம் காலத்துக்கேற்பக் கதையை நடத்தினர். ஆகவே, மூலத்தில் இல்லாததைச் சேர்த்தனர் என்பது ஒன்றே ஒரு படைப்பைப் பழிக்கப் போதிய காரணமாகாது. அதனைக் காரணமாகக் கொள்வோர் கம்பனையும் கைவிட நேரும்.

தொலைக்காட்சித் தொடர்களை ஆராயுங்கால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. புதிதாகச் சேர்த்த ஒரு சொல்லால் பழி யாரிடமிருந்து யாரிடம் போய்ச் சேருகின்றது என்பதே அக்கேள்வி. இதற்குப் பாஞ்சாலியைக் காட்டிலும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.

பி. ஆர். சோப்ரா உருவாக்கிய ‘மகாபாரத்’ என்னும் இந்தித் தொடர் 1988 அக்டோபர் முதல் 1990 சூன் வரை தூர்தர்சனில் 94 பகுதிகளாக வெளிவந்தது. ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன என்று அக்காலத்தவர் இன்றும் சொல்வதுண்டு. 2013-இல் ஸ்டார் பிளஸ் நிறுவனம் வேறொரு மகாபாரதத்தைத் தொடங்கிற்று. அது விஜய் தொலைக்காட்சி வழியாகத் தமிழ் பேசிக்கொண்டு தமிழர் வீடுகளுக்கும் வந்தது. 2015-இல் சோனி தொலைக்காட்சி கர்ணனையே தலைவனாக வைத்துச் ‘சூர்யபுத்ர கர்ண்’ என்றொரு தொடரை ஒளிபரப்பிற்று. இன்றைய மாணவர் பலருக்குப் பாரதம் என்பது இத்தகைய தொடர்களே. வில்லியை அவர்கள் பாடப்பகுதியாகச் சில செய்யுள்களிற் காண்பர். கதையையோ திரையிலேயே கண்டிருப்பர்.

இத்தொடர்களால் ஊன்றிப்போன செய்திகள் இரண்டு. ஒன்று, மயன் மண்டபத்தில் நீரில் விழுந்த துரியோதனனைப் பார்த்துக் குருடன் மகனும் குருடனே என்று பாஞ்சாலி எள்ளினாள் என்பது. மற்றொன்று, மணமன்றில் வில்லெடுக்க எழுந்த கர்ணனைத் தேரோட்டி மகனை மணவேன் என்று அவள் தடுத்தாள் என்பது. சோப்ராவின் தொடரில் இவ்விரண்டும் உள்ளன. பாரதப் போர் ஏன் நிகழ்ந்தது என்று வகுப்பில் கேட்டால், பாஞ்சாலியின் வாய்த்துடுக்கால் நிகழ்ந்தது என்று விடை கூறும் மாணவன், இவ்விரு காட்சிகளையும் நன்கு கவனித்தவன் என்றே கொள்ள வேண்டும். அவன்மீது குற்றமில்லை.

மயன் மண்டபம்

வியாச பாரதத்தின் சபாபருவம் இந்நிகழ்ச்சியை எவ்வாறு கூறுகின்றது? இராசசூய வேள்வி முடிந்தபின் துரியோதனன் சகுனியோடு இந்திரப்பிரத்தத்தில் தங்கி, மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கின்றான். பளிங்குத் தரையை நீரென்று மயங்கி உடையை உயர்த்திக்கொள்கின்றான். பிறிதோரிடத்தில் நீரைத் தரையென்று எண்ணி உடையோடு விழுகின்றான். ஏவலர் நகைக்கின்றனர். வீமனும் அருச்சுனனும் இரட்டையரும் நகைக்கின்றனர். தருமன் ஆணைப்படி மாற்றுடை கொடுக்கப்படுகின்றது. கதை சொல்வோர் கூற்றாக வரும் இப்பகுதியில் பாஞ்சாலியின் பெயரே இல்லை.

அவள் பெயர் வருமிடம் வேறு. அத்தினாபுரம் மீண்ட துரியோதனன் தன் தந்தையிடம் முறையிடும்போது, கண்ணனும் அருச்சுனனும் தன்னைப் பார்த்து நகைத்தனர், மகளிரோடு சேர்ந்து பாஞ்சாலியும் நகைத்தாள் என்கின்றான். பொறாமையால் உள்ளம் வெந்த ஒருவன், சூதாட்டத்துக்கு இசைவு பெறும்பொருட்டுக் கூறும் கூற்று அது. பாரதியாரும் அவள் நகைத்த செய்தியைத் துரியோதனன் முறையீட்டிலேயே வைத்தார் என்பது நோக்கத்தக்கது. நகைத்தாள் என்றே கொள்வோம். அதற்குமேல் ஒரு சொல்லும் அவள் சொன்னதாக அவனும் கூறவில்லை. குருடன் மகன் என்று ஒரு பெண் எள்ளியிருந்தால், பார்வையற்ற தந்தையின் நெஞ்சைக் கலக்குவதற்கு அதனினும் கூரிய படைக்கலம் அவனுக்கு வேறு என்ன வேண்டும்? அதனைப் பயன்படுத்தாமல் விட்டுவைப்பவனா துரியோதனன்?

அதே முறையீட்டில் இன்னொரு செய்தி உண்டு. வழி தெரியாது திகைத்தவனை வீமன் திருதராட்டிரன் மகனே என்று விளித்து, நகைத்தவாறே வாயிலைக் காட்டினானாம். பார்வையற்றவன் மகன் என்னும் குத்தல் இவ்விளியிலிருந்து முளைத்திருக்கக்கூடும். அங்ஙனமாயின் வீமன் நாவிலிருந்த முள் பிற்காலத்தில் பாஞ்சாலி நாவுக்கு மாற்றப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

இனி, துரியோதனனை உண்மையில் வாட்டியது எது? அதையும் அவனே சொல்கின்றான். வேள்விக்கு வந்து குவிந்த திறைப்பொருள்களை அவன் எண்ணி எண்ணிச் சொல்லும் பகுதி, சபாபருவத்தில் மிக விரிவானது. எறும்புகள் தோண்டிய பொன், குதிரைகள், கம்பளங்கள் என்று பட்டியல் நீளுகின்றது. பரவலாக வழங்கும் பாடத்தில், சோழரும் பாண்டியரும் கொணர்ந்த மலயச் சந்தனமும் அதில் இடம்பெறுகின்றது. உள்ளது போதும் என்று அமைவது அரசனுக்கு அழகன்று என்று தந்தையிடம் வாதாடவும் செய்கின்றான். பிறர் செல்வம் கண்டு பொறாத ஒருவன் தன் பொறாமையை ஒளிக்காது எடுத்துரைக்கும் இப்பகுதி, பாத்திரப் படைப்பில் வியாசரின் பேராற்றலுக்குச் சான்று. அவனைச் சினமூட்டப்பட்ட ஒருவனாக மட்டும் ஆக்கிவிட்டால், அப்பேராற்றலுக்கு அங்கே வேலையில்லை.

மணமன்று

கர்ணன் பற்றிய செய்தி சற்றுச் சிக்கலானது. தேரோட்டி மகனை மணவேன் என்னும் கூற்று தொடர் எழுதியோரின் கற்பனையன்று. வடமொழி ஏடுகள் சிலவற்றில் உள்ளதுதான். வேறு சில ஏடுகளிலோ, கர்ணனும் மற்ற மன்னரைப்போல் வில்லை நாணேற்ற முயன்று மயிரிழையில் தவறினான் என்றிருக்கின்றது. இத்தகைய முரண்களைத் தீர்க்கவே பூனா நகரத்துப் பண்டார்க்கர் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம், பல எழுத்துகளிலுள்ள ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கும் பணியை 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்தது. வி. எஸ். சுக்தங்கர் பதிப்பித்த ஆதிபருவத்தில், பாஞ்சாலி கர்ணனை மறுத்தாள் என்னும் கூற்று மூலபாடத்திற் சேர்க்கப்படாது அடிக்குறிப்புக்கு ஒதுக்கப்பட்டது. பிற்சேர்க்கை என்பது அவர் முடிபு.

கர்ணன் பிறப்பால் இழிவுபடுத்தப்பட்டான் என்பது பொய்யன்று. இளவரசர்களின் படைக்கலப் பயிற்சி அரங்கேறிய நாளில், அருச்சுனனோடு பொர வந்த கர்ணனைக் கிருபர் குலம் கேட்டார். வளர்ப்புத் தந்தையாகிய அதிரதன் அரங்கினுள் வந்தபோது, வில்லை எறிந்துவிட்டுக் குதிரைச் சாட்டையை எடு என்னும் பொருள்பட வீமன் ஏளனம் செய்தான். சாதி இழிவைக் காட்ட விரும்பும் ஒருவர்க்கு இதனினும் வலிய காட்சி வேண்டுவதில்லை. ஆனால் இன்று மாணவர் நினைவில் முந்தி நிற்பது அரங்கேற்றமன்று, மணமன்றே. இங்கும் வீமனுடைய பழி பாஞ்சாலியின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

இதனால் விளைந்தது என்ன என்பதைச் சூதாட்ட அவையிற் காணலாம். இழுத்து வரப்பட்ட பாஞ்சாலி, தன்னைத்தான் தோற்றபின் தருமனுக்குத் தன்னைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று வினவுகின்றாள். அறத்தின் நெறி நுட்பமானது என்று கூறிப் பீஷ்மர் தயங்குகின்றார். கௌரவருள் இளையவனாகிய விகர்ணன் மட்டும் எழுந்து அவள் வெல்லப்படவில்லை என்கின்றான். அவனை அடக்க எழுபவன் கர்ணன். ஐவரை மணந்தவள் பொதுமகள் என்கின்றான். அவளுடைய ஆடையையும் பாண்டவர் ஆடைகளையும் களைக என்று துச்சாதனனுக்குச் சொல்பவனும் அவனே. அவன் வாழ்விலேயே மிகக் கொடிய சொற்கள் இவை. மணமன்றில் அவள் மறுத்ததைத் திரையிற் பார்த்தவர்க்கு இச்சொற்கள் பழிக்குப் பழியாகத் தோன்றும். அவளும் சொன்னாள், அவனும் சொன்னான் என்று இரண்டும் ஒரே தட்டில் வைக்கப்படும். மூலபாடத்திலோ அத்தகைய முற்பகை இல்லை. தன்னை ஒருகாலும் இழிவுபடுத்தாத ஒரு பெண்ணைப் பற்றித்தான் கர்ணன் அவ்வாறு பேசினான்.

ஏன் பேசினான் என்பதற்கும் அவனே விடை தருகின்றான். உத்தியோகபருவத்தில், தூது பயனற்றுப் போனபின் கண்ணன் அவனைத் தன் தேரில் ஏற்றிக்கொண்டு சென்று, பிறப்பு மறையைச் சொல்லி, அரசையும் தருவதாகக் கூறுகின்றான். கர்ணன் மறுத்துவிடுகின்றான். இராதை ஊட்டிய பாலையும் துரியோதனன் நட்பையும் விட்டு வரமாட்டேன் என்னும் அவ்வுரை புகழ்பெற்றது. புகழ்பெறாத ஒரு செய்தியும் அதே உரையில் இருக்கின்றது. துரியோதனனை மகிழ்விக்கும்பொருட்டுப் பாண்டவரைக் குறித்துக் கொடுஞ்சொற்கள் பேசினேன், அச்செயலுக்காக இன்று வருந்துகின்றேன் என்கின்றான். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் போற்றும் அந்நட்பின் விலை எவ்வளவு என்பது இவ்வோரிடத்திலேதான் வெளிப்படுகின்றது. மணமன்றில் பட்ட புண்ணால் பேசினான் என்று காரணத்தை மாற்றிவிட்டால், இவ்வருத்தத்துக்குப் பொருளே இல்லாமற் போகும். கர்ணன்மீது அன்பு கொண்டு அவன் குற்றத்தைத் துடைக்க முற்பட்டோர், குற்றத்தோடு சேர்த்து அவனுடைய பெருமையையும் துடைத்துவிட்டனர்.

நாள்தோறும் வரும் தொடருக்குச் சில கட்டாயங்கள் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. ஸ்டார் பிளஸ் மகாபாரதம் 267 பகுதிகள் நடந்தது. ஒவ்வொரு பகுதியும் மறுநாள் வரை மனத்தை இழுத்துப் பிடிக்கும் ஒரு முடிச்சோடு நிற்க வேண்டும். பொறாமை அத்தகைய முடிச்சன்று. அது மெல்லப் புகைவது, படம் பிடிக்க வாராதது. சுடுசொல்லோ அவ்வாறன்று. ஒருத்தி சொல்கின்றாள், ஒருவன் முகம் கறுக்கின்றது, அம்முகத்தை மூன்று திசையிலிருந்து மும்முறை காட்டலாம், முரசும் அதிரலாம். மாதக்கணக்கில் வீட்டுக்குள் வந்துபோகும் தலைவன்மீது பார்ப்போர்க்குப் பரிவு குறையவும் கூடாது. எனவே அவன் செய்யும் தீமைக்கெல்லாம் முன்னதாக ஒரு மனக்குறை தேடிக் கொடுக்கப்படுகின்றது. அதைக் கொடுக்க அருகில் நிற்பவள் பெண் என்பதுதான் வருந்தத்தக்கது.

பாரதியாரும் இதே அவையைப் பாடியவர், அவரும் மாற்றினார். அவர் புதிதாகச் சேர்த்தவற்றுள் ஒன்று, பாஞ்சாலி தெருவழியே இழுத்துச் செல்லப்படும்போது தடுக்காமல் பார்த்து நின்ற ஊர்மக்கள்மீது பொழியும் வசை. பழியை அவர் அவைக்கு வெளியிலும் பரப்பினார், வாளாவிருந்தவரையும் விட்டாரில்லை. வில்லிபுத்தூராரோ, களத்தில் வீழ்ந்து கிடக்கும் கர்ணனிடம் கண்ணன் அந்தணனாக வந்து அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் இரந்து பெறுவதாகப் பாடினார். வியாசரில் இஃதில்லை, எனினும் கவசகுண்டலங்களை ஈந்தவனுடைய கொடை அதன் எல்லையை எட்டுவதை அங்கே காண்கின்றோம். 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படம் தமிழ் மக்களை அழவைத்ததும் அக்காட்சியால்தான். கொடையைப் பெருக்குவதற்கு வில்லி எந்தப் பெண்மீதும் குற்றம் சுமத்த வேண்டியிருக்கவில்லை.

சோப்ராவின் தொடரை முற்றும் பழிப்பதும் முறையாகாது. ராகி மாசூம் ரசா எழுதிய உரையாடலில், அவையினரை நோக்கிப் பாஞ்சாலி கேட்கும் கேள்விகள் கூர்மை குன்றாதவை. கண்ணீர் வடிப்பவளாக மட்டும் அவளைக் காட்டாமல், வழக்காடுபவளாகக் காட்டியது அத்தொடரின் சிறப்பு. அத்துணை நன்றாக அவையைக் காட்டியவர்கள், மண்டபத்தில் அவள் வாயில் ஏன் அச்சொல்லை வைத்தனரோ!

சிங்கப்பூர் வாசகர்க்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடைபெறும் தீமிதித் திருவிழா திரௌபதை அம்மனுக்கு உரியது. தீமிதிக்கு முன்னர் அங்கே பாரத நிகழ்ச்சிகள் பல நடித்துக் காட்டப்படுகின்றன. தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலும், துகிலுரியும் காட்சிக்கு முன் நடிகர் அம்மனை வணங்கிப் பொறுத்தருளுமாறு வேண்டும் வழக்கம் உண்டு. நடிப்புக்காக அவள் கூந்தலைத் தொடுவதற்கே அஞ்சிய மரபு அது.

மேல்வகுப்பு மாணவர்க்கு வில்லியின் கர்ணனைக் கற்பிக்கும் ஆசிரியர், கர்ணபருவத்தின் இறுதியிலிருந்து ஒரு பகுதியையும் உடன்வைத்துக் காட்டலாம். தேர்ச்சக்கரம் மண்ணில் புதைகின்றது. அறத்தை நினைத்துச் சற்றே பொறுக்குமாறு கர்ணன் அருச்சுனனை வேண்டுகின்றான். கண்ணன் மறுமொழி கூறுகின்றான்: பாஞ்சாலியை அவைக்கு இழுத்துவந்த நாளில் அந்த அறம் எங்கே போயிற்று? சிறுவன் அபிமன்னனைப் பலர் சூழ்ந்து கொன்றபோது எங்கே போயிற்று? அவளும் என்னை மன்றில் இகழ்ந்தாளே என்று சொல்லக் கர்ணனுக்கு அங்கே வாய்ப்பிருந்தது. பரவலாக வழங்கும் பாடத்தில் அவன் அவ்வாறு சொல்லவில்லை. நாணத்தால் தலை குனிந்தான். ஒரு மறுமொழியும் கூறாமல் மீண்டும் வில்லை எடுத்தான்.