ஆறு வயதில் முளைக்கும் பல்

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால், இதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இது நிரந்தரப் பல். போனால் மறுபடி முளைக்காது. சொத்தை எளிதில் பிடிப்பதும் இதைத்தான். மேற்பரப்பிலுள்ள குறுகலான பள்ளங்களுக்குள் பிரஷ்ஷின் நார் சரியாக நுழையாது. பல் முளைத்ததும் மருத்துவரிடம் காட்டினால், துளை போடாமலே அந்தப் பள்ளங்களைப் பூசி அடைத்துவிடுவார்.

வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் பல்லின் கால்சியத்தைக் கரைக்கிறது. எச்சில் அதை மெல்லச் சரிசெய்கிறது. அரை மணிக்கொரு தரம் மிட்டாயோ சர்க்கரை போட்ட டீயோ உள்ளே போனால், பாவம், எச்சிலுக்கு ஏது நேரம்? எவ்வளவு இனிப்பு என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். டீக்கடைக்கு நாலு நடை போகும் பெரியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறோம்.

தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அதனால்தான் பால் புட்டியை வாயில் வைத்தபடி குழந்தை தூங்கக் கூடாது. இரவில் பல் தேய்க்காமல் படுப்பதும் தவறு.

ஃபுளூரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு. ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறைய வேண்டவே வேண்டாம். தேய்த்த பின் நுரையைத் துப்பினால் போதும். தர்மபுரி போல நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்த பகுதிகளில், எந்த பேஸ்ட் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு வயது வரை குழந்தைக்கு நீங்களே பல் தேய்த்துவிடுங்கள்.