கடல் கடந்தாலும் கைபேசிச் செலவு கட்டுக்குள்

2024 அக்டோபரில் நம் துறை, கனவு ஆசிரியர் விருது பெற்ற 55 பேரைப் பிரான்சுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றது. அதன்பின் காரமடையில் உடன் பணியாற்றும் ஆசிரியர்கள், "வெளிநாட்டில் போனை எப்படிப் பயன்படுத்துவது?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான்.

அங்கிருக்கும்போது நமக்கு வரும் அழைப்பு, இந்திய நிறுவனம் வழியாக அந்நாட்டு நிறுவனத்துக்குக் கடத்தப்படுகிறது. ஆகவே ரோமிங்கில் அழைப்பை எடுத்தாலே கட்டணம் உண்டு. அதைவிடப் பெரிய செலவு டேட்டா. நாம் தொடாவிட்டாலும் செயலிகள் பின்னணியில் இயங்கிக்கொண்டே இருக்கும். எனவே விமானம் ஏறும் முன்பே இந்திய சிம்மில் 'டேட்டா ரோமிங்'கை அணைத்துவிடுங்கள்.

ஆனால் அந்த சிம்மைக் கழற்ற வேண்டாம். வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அது வராவிட்டால் அவசரத்துக்குப் பணம் அனுப்ப முடியாது. ரோமிங்கில் குறுஞ்செய்தி பெறுவதற்குப் பொதுவாகக் கட்டணமில்லை. ரோமிங் வசதியை மட்டும் புறப்படும் முன் செயல்படுத்திக்கொள்ளுங்கள்.

டேட்டாவுக்கு உள்ளூர் சிம் அல்லது இ-சிம் போதும். 2017 ஜூன் 15 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, பிரான்சில் வாங்கும் சிம்மை மற்ற ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பொதுவாகக் கூடுதல் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சுவிட்சர்லாந்து இதில் சேராது. சிங்கப்பூரில் சிம் வாங்கப் பாஸ்போர்ட் தேவை.

வீட்டு எண்களை +91 சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள். செல்லும் நகரின் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்குங்கள். வைஃபையில் வாட்ஸ்அப் வழியே பேசுங்கள்.

ஓரிரு நாள் பயணமென்றால் இந்திய ரோமிங் பேக்கே மலிவாக இருக்கலாம். நாள் எண்ணிக்கை, விலை, டேட்டா அளவு மூன்றையும் ஒப்பிடுங்கள். ஏழாம் வகுப்புக்கு இதையே கணக்காகவும் கொடுக்கலாம்.